எந்தத் தைலத்துக்கு இந்தக் கொசு கேட்கும்?

கேள்வி: தாம்பரம் பக்கம் தனி வீட்டில் இருக்கிறோம். பேத்திக்கு 2 வயது. மாலை நாலரை மணிக்குத் தோட்டத்தில் விளையாட விட்டால் முழங்காலுக்குக் கீழே கொசு கடித்துத் தடித்துவிடுகிறது. ரசாயனம் தடவ மனம் வரவில்லை. நீலகிரித் தைலமும் கற்பூரமும் கலந்த 'நூறு சதவீத மூலிகை' எண்ணெயை ஒருவர் வீடு தேடி வந்து விற்கிறார். கொசுவிரட்டிச் செடிகளும் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்தப் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். நீலகிரித் தைலமும் விழுங்கினால் ஆபத்துதான். 2 வயதுக் குழந்தையின் காலில் தடவியது பத்து நிமிஷத்தில் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போய்விடும். 'மூலிகை' என்று எழுதியிருந்தாலே நம் வீடுகளில் பயம் விட்டுப்போகிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி உங்கள் கொசுவுக்கு வருவோம். நாலரை மணி, வெளிச்சம் இருக்கும்போதே, முழங்காலுக்குக் கீழே என்கிறீர்கள். அது பெரும்பாலும் ஏடிஸ். கறுப்பு உடம்பில், கால்களில் வெள்ளை வளையம் போட்டிருக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுதான். சாக்கடைத் தண்ணீரில் பிறந்து ராத்திரியில் காதருகே ரீங்காரம் போடும் கியூலெக்ஸ் வேறு. ஏடிஸ் தெளிந்த தண்ணீரில் பிறக்கிறது, பகலில் கடிக்கிறது, பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் போவதில்லை. பேத்தியைக் கடிக்கும் கொசு உங்கள் காம்பவுண்டுக்குள்ளோ, அடுத்த வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும். சாக்கடையைத் திட்டிப் பயனில்லை.

வாசனை எண்ணெய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான். மூக்கில் ஏறுகிற அளவுக்கு ஆவியாவதால்தான் அவை கொசுவை விலக்குகின்றன. அதே காரணத்தால் சீக்கிரம் தீர்ந்தும் போகின்றன. சிட்ரோனெல்லா எண்ணெய் தடவினால் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். வியர்த்தால் அதுவும் இல்லை. வேப்பெண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. 1990-களில் நம் நாட்டு மலேரியா ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து தடவிப் பார்த்தபோது, மலேரியா பரப்பும் அனாபிலஸ் கொசுக்களிடம் அது நன்றாகவே நின்றது. மற்ற இனங்களிடம் அந்த அளவுக்கு இல்லை. உங்களுக்குத் தேவை அந்த மற்ற இனத்துக்கு.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விற்பவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். எலுமிச்சை மணம் வீசும் ஒரு யூகலிப்டஸ் மரம் இருக்கிறது. அதன் எண்ணெயைப் பதப்படுத்தி எடுக்கும் பி.எம்.டி. என்ற பொருளை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யே கொசுவிரட்டிகள் பட்டியலில் வைத்திருக்கிறது. சரியான அளவில் இருந்தால் பல மணி நேரம் காக்கும். ஆனால் ஊட்டியில் காய்ச்சி விற்கும் நீலகிரித் தைலம் இந்த மரத்தினுடையதே இல்லை. அது வேறு யூகலிப்டஸ். அதில் பெரும்பகுதி சினியோல், சளிக்கு ஆவி பிடிக்கும்போது மூக்கைத் திறக்கிற அதே பொருள். சரி, எலுமிச்சை மண மரத்தின் எண்ணெயையே கொண்டுவந்தால்? காய்ச்சி வடித்த எண்ணெயில் பி.எம்.டி. மிகக் குறைவு. பதப்படுத்தினால்தான் அது கூடும். பாட்டிலில் யூகலிப்டஸ் இலைப் படம் போட்டுவிட்டால் அந்த வேலை நடந்ததாகிவிடாது. இது எல்லாமே சரியாக இருந்தாலும், 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அதைப் போடக் கூடாது என்று அதே சி.டி.சி. சொல்கிறது. உங்கள் பேத்திக்கு 2 வயது. ஆக, எந்த வழியில் வந்தாலும் இந்தத் தைலம் உங்களுக்கு ஆகாது.

செடியும் வேண்டாம். துளசியோ எலுமிச்சைப்புல்லோ, நர்சரியில் 'கொசுவிரட்டி' என்று கொடுக்கும் ஜெரேனியமோ, தொட்டியில் சும்மா நின்றால் கொசுவை ஒன்றும் செய்யாது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளியே வரும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் முட்டை வைக்கும். கொசுவை விரட்ட வாங்கிய செடியே கொசுவை வளர்த்ததை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

'மூலிகை ஊதுபத்தி' இதையெல்லாம்விட மோசம். அப்படிப் பெயர் போட்ட பத்திகளில் மெபர்ஃப்ளூத்ரின் என்ற, பதிவே இல்லாத பூச்சிக்கொல்லி இருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. இயற்கை என்று நம்பி முகத்தருகே கொளுத்திவைப்போம். இந்தியாவில் கொசுவுக்கான பூச்சிக்கொல்லி எதுவானாலும் 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் லேபிளில் சி.ஐ.ஆர். என்று தொடங்கும். உங்கள் வாசலுக்கு வருபவரிடம் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 'மூலிகைக்கு அதெல்லாம் தேவையில்லை' என்றால் கதவைச் சாத்துங்கள். சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் இந்தப் பத்திகள் தெருமுனைக் கடையில் தொங்குகின்றன. பிடிக்க வேண்டியவர்கள் கடைக்கு வருவதில்லை, நாம்தான் லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொசுவத்திச் சுருளும் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வேப்பிலைப் புகை, சாம்பிராணி எல்லாம் புகைதான். குழந்தையின் நுரையீரலுக்கு வேம்பு, புகையிலை என்ற பேதம் தெரியாது.

அப்புறம் என்னதான் செய்வது? ஒரு டேபிள் ஃபேன். சிரிக்காதீர்கள். கொசு நாம் நடக்கும் வேகத்துக்குக்கூடப் பறக்காது. எதிர்க்காற்றில் அதால் வந்து உட்கார முடியாது. நாம் விடும் மூச்சையும் வியர்வை வாடையையும் மோப்பம் பிடித்துத்தான் அது வருகிறது, அந்த வாடையையும் காற்று கலைத்துவிடும். வராண்டாவில் தாழ்வாக வைத்து, குழந்தையின் கால் பக்கம் காற்று படும்படி திருப்பிவிடுங்கள். ஒயர் ஈரத்தில் கிடக்கக் கூடாது, குழந்தையின் விரல் வலைக்குள் போகக் கூடாது. தொளதொளவென்ற வெளிர்நிறப் பருத்திப் பேன்ட், கணுக்கால் மூடும் சாக்ஸ் போடுங்கள். இறுக்கமான லெக்கிங்ஸ் வேண்டாம், அதன் வழியாகவே கடிக்கும். புல்லில் உட்கார வைத்தால் பாய் விரியுங்கள். கொசுவைத் தவிர, ஸ்கரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணிகளும் புல்லில்தான் இருக்கும்.

இதெல்லாம் விரட்டுவதற்கு மட்டும்தான். பிறப்பதை நிறுத்த, வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் தவறக் கூடாது. கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, டயர், மணி பிளான்ட் பாட்டில், பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, சம்ப் எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரியும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

புகை மருந்து அடிக்கச் சொல்லி மனு கொடுக்கலாமே என்று தோன்றும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தனியார் ஆளுக்கு வாராவாரம் பணம் கொடுத்து, இருட்டிய பிறகு புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். டெங்கு நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட்டின் அடிக்குழியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் இருட்டியதும் மூலையில் போய் உட்கார்ந்துவிடும். புகை வண்டி வந்தால் படம் எடுக்கிறார்கள், பேப்பரில் வருகிறது. வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும் களப்பணியாளர்களைத் தினக்கூலியிலேயே வைத்திருக்கிறார்கள். உண்மையான வேலை அவர்களுடையது. அவர்கள் வந்தால் கதவைத் திறந்து மாடித் தொட்டியைக் காட்டுங்கள்.

டெங்கு பரவும் மாதங்களில் மட்டும், பதிவு எண் உள்ள, கடையில் விற்கும் கொசுவிரட்டி கிரீமைக் கொஞ்சமாகக் குழந்தையின் காலில் தடவலாம். லேபிளில் போட்டிருக்கும் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையிலும் முகத்திலும் வேண்டாம். உள்ளே வந்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.