பசுமை கேள்வி பதில்: வேலிக்கு முன்னால் ஊரைக் கூப்பிடுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரிக்குப் பின்னால் எட்டு ஏக்கர் முட்புதர்க் காடு இருக்கிறது. அதை இயற்கைப் பூங்காவாகக் காப்பாற்ற நிர்வாகம் சம்மதித்துவிட்டது. முதலில் கம்பி வேலி, பிறகு 2,000 மரக்கன்றுகள் என்று திட்டம். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே ஆடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள். எப்படித் தடுப்பது?
– கல்லூரி ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வேலி, நடவு இரண்டையும் ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள் அம்மா. தாவரவியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் வேலிதான் போட்டேன். மூன்றாம் மாதமே நாலு இடத்தில் கம்பி அறுந்து கிடந்தது. கோபமாகப் போய் நின்ற என்னிடம், ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர், “வழிய அடச்சுட்டீங்களே டீச்சரம்மா, ஊருணிக்கு எப்படிப் போறது?” என்று கேட்டார். எங்கள் வரைபடத்தில் அந்த ஒற்றையடிப் பாதையே இல்லை. பட்டுப்போனதென்று நான் தோண்டச் சொல்லியிருந்த காசா மரத்து அடிக்கட்டைகளைக் காட்டி, “மழை விழுந்தா துளுத்துரும், விடுங்க” என்றார். ஐப்பசியில் எல்லாம் துளிர்த்தன. அன்றிலிருந்து அவர்தான் எனக்கு வாத்தியார்.

உங்கள் காட்டில் காரை, களா, சூரை போன்ற முட்செடிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அது ஏற்கெனவே ஒரு காடு. 2,000 குழி வெட்டினால் மண்ணுக்குள் உயிரோடிருக்கும் வேர்கள்தான் அறுபடும். அந்த மண்ணுக்கு உரிய மரம் எதுவென்று அறிய, உங்கள் மாவட்டத்துக் கோயில்காடுகளுக்குப் போங்கள். காசா, வீரை, உலக்கைப்பாலை எல்லாம் அங்கே நிற்கின்றன. பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டு, உதிர்ந்த பழங்களை மட்டும் பொறுக்கி நாற்று போடுங்கள்.

விறகுக்கு வருகிற பெண்களைத் தடுக்காதீர்கள், வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். சீமைக்கருவேலம் எவ்வளவு வேண்டுமானாலும் அவர்களுக்கு. மற்ற மரத்தில் கை வைப்பதில்லை என்று பேச்சு. மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும், அதனால் தூரோடு தோண்டக் கல்லூரி ஆள் கொடுக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமை இதற்கே வையுங்கள். சீமைக்கருவேலங்காய் பழுக்கும் பருவத்தில் மட்டும் ஆட்டை வேறு பக்கம் ஓட்டச் சொல்லுங்கள். ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு காடெங்கும் விழுந்து முளைக்கிறது. காரணத்தைச் சொன்னால் மேய்ப்பவர்களுக்குப் புரியும். அவர்கள் அதைப் பார்த்தே இருப்பார்கள்.

இன்னொன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்த ஊரின் செடிகொடி, உயிரினங்களையும் அவை பற்றி ஊரார் அறிந்ததையும் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டியது அதன் வேலை. ஊராரிடம் அறிவு இருக்கிறது, உங்கள் மாணவர்களால் அதைத் தாவரவியல் பெயரோடு எழுத முடியும். இளநிலை மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம், அதில் களப்பணியும் உண்டு. பல இடங்களில் அது பழைய நோட்டைப் பார்த்து எழுதுவதோடு முடிவது எனக்குத் தீராத வருத்தம். அந்த மணிநேரத்தில் உங்கள் பிள்ளைகள் அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் பின்னால் நடக்கட்டும். ஊராட்சித் தலைவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கேள்வி: பறவை பார்க்க ஆசை. கேமராவோ பைனாகுலரோ இல்லை. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: உங்கள் ஊரிலேயே எவ்வளவு பெரிய காடு இருக்கிறது! சென்னை கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபோது கிடைத்த நிலம் முந்நூறு ஏக்கருக்கும் மேல். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரம் வளர்த்தார்கள். நகரம் நாலாபுறமும் நெருக்கிய பிறகும் அந்தப் பசுமை நிற்கிறது.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள், அவையும் கணக்குதான்.

குளிர்காலத்தில் காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அது ஆறுமணிக்குருவி. தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். உங்கள் கல்லூரித் தோட்டக்காரர் சருகைக் கூட்டி எரிப்பவராக இருந்தால், அந்தக் குருவியை ஒருநாள் அவருக்குக் காட்டிவிட்டு, மரத்தடிச் சருகை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.