துயரத்தின் நிறம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆசிரியர் யாருமில்லாமல் இரண்டு ஆண்டுகளாக அக்ரிலிக் வண்ணத்தில் வரைகிறேன். அம்மாவை இழந்த துயரத்தை வரையப் பார்த்தேன். இருண்ட அறை, குனிந்த உருவம், எங்கும் கறுப்பும் பழுப்பும். பார்ப்பவர்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். படத்துக்குள் உணர்ச்சி எப்படி வரும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துயரம் என்றதும் கறுப்பை எடுத்ததில்தான் சிக்கல். படம் முழுக்க இருட்டாக இருந்தால் கண்ணுக்கு அது உறைக்காது. பக்கத்தில் ஒரு வெளிச்சம் வேண்டும்.

ஓவியர் வான் கோ 1888 செப்டம்பரில் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த ‘இரவு விடுதி’ ஓவியத்தைப் பாருங்கள். அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை. ரத்தச் சிவப்புச் சுவர், பச்சைக் கூரை, நான்கு மஞ்சள் விளக்குகள். மனிதனின் கொடிய உணர்ச்சிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். அவ்விரண்டையும் அருகருகே மோதவிட்டார். ஒன்றாகக் குழைத்தால் ஒன்றையொன்று அணைத்துச் சேற்று நிறமாகிவிடும். உங்கள் படத்திலும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

அவரும் பெரும்பாலும் தானே கற்றவர்தான், 27 வயதில் தொடங்கியவர். எந்த நிறம் எதன் பக்கத்தில் துடிக்கிறது என்று பார்க்க அவர் வைத்திருந்த வண்ணக் கம்பளி நூல் உருண்டைகள் ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

அதே அறையை 15 × 20 செ.மீ. தாளில் நான்கு முறை வரையுங்கள். முதல் படத்துக்குப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் டைட்டானியம் வெள்ளையும் மட்டும். கருமையிலிருந்து வெளுப்பு வரை ஐந்தே படிகள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கையில் உருவம் சுவரிலிருந்து பிரியவில்லையென்றால் வண்ணத்துக்குப் போகவே வேண்டாம். மற்ற மூன்றிலும் அதே படிகளை வைத்துக்கொண்டு நிற இணையை மட்டும் மாற்றுங்கள்: சிவப்பு-பச்சை, நீலம்-ஆரஞ்சு, மஞ்சள்-ஊதா. கறுப்பு ட்யூபைத் தொடாதீர்கள். கருமைக்கு அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் அம்பர் கலந்தால் போதும். நீலம் கூடினால் குளிரும், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பாகும். ஒரு கலவையில் மூன்று நிறங்களைத் தாண்டினால் மங்கத் தொடங்கும். அக்ரிலிக்கில் ஈரமாக இருக்கையில் பால்போலிருக்கும், நிறத்தூளைப் பிடித்துவைக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் கருக்கும். தனித்தாளில் தீற்றி, காயவிட்டுப் பார்த்து, சற்று வெளிறலாகவே கலக்குங்கள்.

பிறகு ஒரு படத்தில் அந்தக் குனிந்த உருவத்தையே எடுத்துவிட்டு, அம்மா உட்கார்ந்த நாற்காலியை மட்டும் வையுங்கள். அதே 1888இல் ஓவிய நண்பர் கோகினின் நாற்காலியை வான் கோ அப்படித்தான் வரைந்தார்: ஆள் இல்லை, பச்சைச் சுவர், இருக்கையில் இரண்டு புத்தகங்கள், எரிந்துகொண்டிருக்கும் ஒரு மெழுகுவத்தி.