மெக்கின்டாஷ் ஆப்பிளில் பை (pie) செய்தால் கூழாவது ஏன்?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "செப்டம்பர் நடுவில் பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போய் 20 பவுண்டு மெக்கின்டாஷ் பறித்து வந்தோம். இரண்டு தடவை ஆப்பிள் பை செய்தேன். பழமெல்லாம் கூழாகிவிட்டது, அடி மாவு நமத்துப்போனது, மேல் மாவு தனியாகக் கூரை மாதிரி நிற்கிறது. நான் எங்கே தவறுகிறேன்? மீதிப் பழத்தை என்ன செய்வது? வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை."

உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. பழம்தான் காரணம். மெக்கின்டாஷ் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் சொந்தப் பழம். 1811இல் டன்டேலா என்ற ஊரில் ஜான் மெக்கின்டாஷ் தன் நிலத்தைத் திருத்தும்போது கண்ட கன்றுகளிலிருந்து வந்தது. மரத்திலிருந்து பறித்துக் கடித்தால் அந்தச் சாறும் மணமும் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் சூடு பட்டதும் குழைந்துவிடும், அதன் இயல்பே அது. பொங்கலுக்கு ஒரு அரிசி, பிரியாணிக்கு ஒரு அரிசி என்று நாம் பார்த்து வாங்குகிறோம் இல்லையா, ஆப்பிளிலும் அதே கணக்குதான். சமையல் புத்தகங்கள் பல "6 ஆப்பிள்" என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கின்றன. எந்த ஆப்பிள் என்று சொல்லாத பை செய்முறையை நான் நம்புவதில்லை.

ஆப்பிளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைகிறது, துண்டு உடைகிறது. சதை கெட்டியாகவும் கொஞ்சம் புளிப்பாகவும் இருக்கும் ரகங்களில் இது மெதுவாக நடக்கும். மெக்கின்டாஷில் புளிப்பு உண்டு, ஆனால் சதை மென்மை. அதனால் தாக்குப்பிடிப்பதில்லை.

பைக்கு நான் முதலில் கைகாட்டுவது நார்தர்ன் ஸ்பை. அக்டோபரில்தான் பழுக்கும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கெட்டியான சதை, நல்ல புளிப்பு, ஒரு மணி நேரம் அவனில் (oven) இருந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். கோர்ட்லண்ட், மெக்கின்டாஷின் வாரிசு. நியூயார்க்கின் ஜெனிவாவில் உருவாக்கப்பட்டது. வெட்டி வைத்தால் சீக்கிரம் கறுக்காது, பையிலும் ஓரளவு நிற்கும். ஹனிகிரிஸ்ப் உருக்குலையாது, ஆனால் இனிப்பு அதிகம். சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வருடம் முழுக்கக் கிடைக்கும் கிரானி ஸ்மித்தும் சரிதான். ரெட் டெலிஷியஸை அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அதற்காக உங்கள் மெக்கின்டாஷை பையிலிருந்து முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு கெட்டி ரகம், ஒரு பங்கு மெக்கின்டாஷ் என்று கலந்து பாருங்கள். கெட்டித் துண்டுகள் நிற்கும், மெக்கின்டாஷ் கரைந்து அவற்றுக்கு நடுவே குழம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். மணமும் அதிலிருந்துதான் வரும்.

இனி, மேல் மாவுக்கும் பழத்துக்கும் நடுவே விழும் அந்த இடைவெளி. ஆப்பிள் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு காற்று. அவனில் மேல் மாவு முதலில் இறுகிவிடுகிறது, அப்புறம் பழம் வெந்து, காற்றும் நீரும் வெளியேறிச் சுருங்குகிறது. மாவு மேலேயே நின்றுவிடுகிறது. வெளியேறிய நீர் கீழே இறங்கி அடி மாவை நமத்துப்போக வைக்கிறது. ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர்தான். ஆக, இரண்டு தொல்லைக்கும் மருந்து ஒன்று: பழத்தை மாவுக்குள் வைப்பதற்கு முன்பே சுருங்கவைத்துவிடுவது.

9 அங்குலத் தட்டுக்கு, தோல் சீவி நறுக்கிய பிறகு ஒன்றேகால் கிலோ பழம் வேண்டும். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் வெட்டுங்கள். காகிதம் போல மெல்லியதாக வெட்டினால் எந்த ரகமும் குழையும். அரை கப் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள் போட்டுப் பிரட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். பாத்திரத்தின் அடியில் சாறு கட்டி நிற்கும், துண்டுகள் வளைத்தால் ஒடியாமல் வளையும். அந்தச் சாற்றை வடித்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயோடு சிறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டுப் பாகு பதத்துக்குச் சுண்டவையுங்கள். பழத்தில் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) தூவிக் கலந்து, ஆறிய பாகை ஊற்றினால் பூரணம் தயார். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது.

இன்னொரு வழி, துண்டுகளை அகலமான பாத்திரத்தில் மூடிபோட்டு மிகச் சிறு தீயில் 15 நிமிடம் வாட்டுவது. கொதிக்கக் கூடாது, தொட்டால் நல்ல சூடு, அவ்வளவுதான். ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் பழத்திலேயே உள்ள ஒரு நொதி வேலை செய்து, பெக்டினைக் கால்சியத்தோடு பிணைத்து இறுக்குகிறது. அப்படி வாட்டிய துண்டு அவனில் அவ்வளவு லேசில் உடையாது. முன்கூட்டியே வேகவைத்தால் இன்னும் குழையாதா என்று தோன்றும். கொதிக்கவிட்டால் குழையும், இப்படி வாட்டினால் நேர்மாறாக நடக்கும். எந்த வழியானாலும் பூரணம் முழுக்க ஆறியபிறகே மாவில் வையுங்கள். சூடாக வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகி, அடி மறுபடியும் நமத்துவிடும்.

அவனின் கீழ்த்தட்டில் ஒரு தகர டிரேயை முதலிலேயே சூடாக்கி, அதன் மேல் பையை வையுங்கள். 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடம், அப்புறம் 375இல் 40 நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல். மேல் மாவின் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். மேலே போட்ட கீறல்களில் சாறு கொதிப்பதைக் கவனியுங்கள். முதலில் தண்ணியாகச் சிறு குமிழிகள் வேகமாக வரும். பிறகு குமிழிகள் பெரிதாகி, பளபளவென்று, மெதுவாக வெடிக்கும். அப்போதுதான் சோளமாவு வெந்திருக்கிறது. எடுத்த பிறகு மூன்று நான்கு மணி நேரம் ஆறவேண்டும். சூட்டோடு வெட்டினால் எவ்வளவு நன்றாகச் செய்த பையும் ஒழுகும். மேலே பூச முட்டை தேவையில்லை, பாலோ கிரீமோ போதும்.

மீதிப் பழத்தைக் கூடையோடு சமையலறை மூலையில் வைத்திருந்தால் இன்றே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெளியே இருந்தால் மெக்கின்டாஷ் சில நாளிலேயே மாவுபோல் ஆகிவிடும். துளையிட்ட பிளாஸ்டிக் கவரில், காய்கறி அறையில் வையுங்கள், ஆனால் கேரட்டோடு சேர்த்து வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துபோகும்.

உங்கள் மெக்கின்டாஷுக்கு ஏற்ற வேலை ஆப்பிள் சாஸ். குழைவதுதானே அதன் குணம், இங்கே அது வரம். மூன்று பவுண்டு பழத்துக்கு அரை கப் தண்ணீர், மூடிபோட்டு 20 நிமிடம், மசித்துவிட்டால் முடிந்தது. தோலோடு வேகவைத்து வடிகட்டினால் அழகான ரோஜா நிறம் வரும். முட்டை சேர்க்காத உங்கள் வீட்டுக்கு இது இன்னும் பயன்படும்: மஃபின், லோஃப் கேக் போன்றவற்றில் ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் இனிப்பில்லாத சாஸ் சேர்க்கலாம். ஈரப்பதம் தரும், ஆனால் முட்டை மாதிரி உப்பவைக்காது. அதனால் ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஒத்துவராது, இரண்டு முட்டைக்கு மேல் கேட்கும் செய்முறைக்கும் வேண்டாம். மீதி சாஸை டப்பாக்களில் ஊற்றி ஃபிரீஸரில் வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும்.

புளிப்பான பச்சை ஆப்பிளும் கொஞ்சம் வாங்கினால் தொக்கு செய்துபாருங்கள். தோலோடு துருவி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் போட்டு, எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். நீர் வற்ற வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும். மாங்காயைவிடப் புளிப்பு குறைவு, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். ஊறுகாய் போல அலமாரியில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தயிர்சாதத்துக்கு நன்றாக இருக்கும்.