வாங்கலாமா, வேண்டாமா? – பழைய இராணுவ விமானம் பற்றிய கேள்விகள்

சீனக்குடாவில் பயிற்சி விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். சிலர் விமானம் ஓட்டப் பழகி, சொந்தமாக ஒன்று வாங்கவும் யோசிக்கிறார்கள். அப்படி வந்த கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

லண்டனில் இருக்கும் மகன் அண்மையில்தான் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தான். பழைய இராணுவப் பயிற்சி விமானம் வாங்க ஆசைப்படுகிறான். சிப்மங்க் நல்லதா, புல்டோக் நல்லதா? கையில் பெரிய காசு இல்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

அம்மா, சிப்மங்க் நம் நாட்டுக்கும் உறவுள்ள விமானம். 1951இல் றோயல் சிலோன் விமானப்படை தொடங்கியபோது அதன் முதல் பயிற்சி விமானம் அதுதான். ஓட்டுவதற்கு அருமையானது என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதன் மூன்றாவது சில்லு வாலில் இருக்கிறது. முன்சில்லு விமானத்தில் பழகியவர் அதை நேராக இறக்குவதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். 145 குதிரைவலு ஜிப்சி மேஜர் எஞ்சின் பழைய வகை. ஒயில் கொஞ்சம் குடிக்கும், அதைத் தெரிந்த மெக்கானிக்கும் வேண்டும்.

புல்டோக்கில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். முன்சில்லு உண்டு. 200 குதிரைவலு லைக்கொமிங் எஞ்சினுக்குப் பாகங்கள் தேடி அலையத் தேவையில்லை. பிரித்தானிய விமானப்படை 1973 முதல் 2001 வரை அதைப் பயிற்சிக்கு வைத்திருந்தது. சிக்கலும் அங்கேதான். ஆண்டுக்கணக்காகக் குட்டிக்கரணம் போட்டுப் பழகிய விமானத்தில் உலோகம் களைத்துப்போகும். அந்தச் சட்டகத்துக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று ஆவணத்தில் எழுதியிருக்கும். விலையைக் கேட்பதற்கு முன் மகன் அதைக் கேட்கட்டும். மிச்சம் குறைவென்றால் அந்த விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

என் முடிவு: ஆயுள் மிச்சமுள்ள புல்டோக். அதைவிட நல்ல வழி, முதலில் ஒரு குழுவில் பங்கு வாங்குவது. பிரித்தானியாவில் பலர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்திருப்பது வழக்கம். ஹங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் பிரிந்துபோகும்.

விற்பவர் நல்ல படங்கள் அனுப்பினார். பேச்சிலும் நல்லவராகத் தெரிகிறார். விமானத்தின் ஓட்டமும் பழுதுபார்ப்பும் எழுதிய பதிவேடான லொக்புக்கைப் பிறகு தருவாராம். முற்பணம் அனுப்பலாமா?
– வாசகர், உப்புவெளி

அனுப்ப வேண்டாம்.

யாக்-52 என்ற சோவியத் பயிற்சி விமானம் மற்றவற்றைவிட மலிவாகத் தெரிகிறதே, ஏன்?
– ரொறொன்ரோவில் வசிக்கும் திருகோணமலை இளைஞர்

தம்பி, வாங்கும் விலைதான் மலிவு. அந்த 360 குதிரைவலு எஞ்சின் சாதாரணமாகப் பறந்தாலே மணிக்கு 50 லீற்றருக்குக் குறையாமல் எரிக்கும். எஞ்சினைக் கிளப்புவது, சில்லை மடக்குவது, பிரேக் எல்லாமே அழுத்தக் காற்றில் வேலை செய்பவை. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் அன்றைய பறப்பு முடிந்தது. ஒன்பது சிலிண்டரும் வட்டமாக நிற்பதால் நிறுத்தி வைத்திருக்கும்போது கீழ்ச் சிலிண்டர்களில் ஒயில் இறங்கித் தேங்கும். ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் பலவந்தம் பண்ணாமல் கீழ் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடிய விட வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பினால் உள்ளே தண்டு வளைந்துவிடும். இவ்வளவுக்கும் பொறுமை இருந்தால் நல்ல விமானம்தான்.

தம்பி மெல்பேர்ணில் ஒரு பேர்ட் டோக் (அமெரிக்க இராணுவத்தின் பழைய வேவு விமானம்) வாங்கினான். 'எஞ்சின் ஓவர்ஹோல் செய்து 40 மணித்தியாலம்தான்', அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தபின் அவ்வளவுதான் ஓடியது என்று விளம்பரத்தில் இருந்தது. வாங்கிச் சில மாதத்தில் ஒயிலில் இரும்புத்தூள் வந்தது. ஓவர்ஹோல் செய்து பல வருடம் ஆகிவிட்டதாம். சேமிப்பு முழுவதும் அதில்தான். என்ன செய்யலாம்?
– அக்கா ஒருவர், பாலையூற்று

அம்மா, உங்கள் தம்பி ஏமாளி இல்லை. அவர் கேட்டார், விற்றவர் பாதியை மட்டும் சொன்னார். எனக்கு இந்த வியாபாரத்தில் மிகவும் ஆத்திரம் வருவது அந்த '40 மணித்தியாலம்தான்' என்ற ஒரு வசனத்தில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எஞ்சின் ஓடினால் மட்டுமே தேயும் என்று நினைக்கிறோம். சும்மா நின்றாலும் கெடும், சில நேரம் கூடுதலாகவே கெடும். ஓடாத எஞ்சினில் ஒயில் படலம் மெல்ல வடிந்துவிடும். ஈரக்காற்று உள்ளே போய்ச் சிலிண்டர் சுவரிலும் கேம் தண்டிலும் துருப்பிடிக்கும். அப்புறம் ஒருநாள் ஓட்டும்போது அந்தத் துரு அரமாக மாறி உலோகத்தைச் சுரண்டும். அதனால்தான் லைக்கொமிங், கொன்டினென்டல் இரண்டு நிறுவனங்களும் மணித்தியாலம் மிச்சம் இருந்தாலும் 12 ஆண்டில் ஓவர்ஹோல் செய்யச் சொல்கின்றன. பேர்ட் டோக்கில் இருப்பது கொன்டினென்டல். '40 மணித்தியாலம்' என்று எழுதியவருக்கு ஆண்டும் தெரியும். வேண்டுமென்றே அதை விட்டுவிட்டார். கடற்கரை ஊர்க்காரர் நமக்கு இது புதிதில்லை. புதுப் பெயின்ட் அடித்த அவுட்போட் எஞ்சின் ஒன்று என் தலையிலும் கட்டப்பட்டது. மூடியைத் திறந்தபோது உள்ளே உப்பு அரித்துப் பொடியாகியிருந்தது. விற்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். எஞ்சினை மேற்கொண்டு ஓட்டவும் வேண்டாம், தானே பிரிக்கவும் வேண்டாம். விற்றவரோடு தொடர்பில்லாத, அனுமதி பெற்ற பொறியியலாளர் ஒருவரை அழைத்து, பிரிக்கும்போது படம் எடுத்து எழுத்தில் அறிக்கை வாங்கட்டும். விளம்பரப் பிரதி, மின்னஞ்சல், காசு கட்டிய சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கட்டும். விற்றவர் வியாபாரியா, தனி ஆளா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். ஆகவே விற்றவருக்குக் கோபமாக ஒரு வரி எழுதுவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். நேரம் கடத்த வேண்டாம்.

நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்க ஒரு பழைய இராணுவ விமானத்தை இறக்குமதி செய்யலாமா? சொந்தக்காரர் ஒருவர் ஏற்கனவே விலை பேசிவிட்டார்.
– விடுதி உரிமையாளர்

விலை பேசிவிட்டு அனுமதி பற்றிக் கேட்கிறீர்கள். பதிவு, பறப்புத் தகுதி, காசுக்கு ஆள் ஏற்றுவதற்கான அனுமதி ஒவ்வொன்றுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்குப் போக வேண்டும். சீனக்குடா விமானப்படைத் தளம், உங்கள் விருப்பத்துக்கு நிறுத்தி வைக்கும் இடமல்ல. 2023 ஆகஸ்ட் மாதம் அங்கேயே ஒரு பி.ரி.-6 பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். ஒரு படையின் பராமரிப்பில் இருந்த விமானம் அது. அறியாத பயணிகளைப் பழைய விமானத்தில் ஏற்றும் எண்ணத்தை இன்றே விடுங்கள்.

ஐயா, ஓட்டச் செலவு குறைந்த இராணுவ விமானம் எது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– மாணவர், மூதூர்

பைப்பர் எல்-4. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை வேவு பார்க்க வைத்திருந்தது. 65 குதிரைவலு, மணிக்குப் பதினாறு பதினேழு லீற்றர். துணி போர்த்திய உடம்பு என்பதால் திறந்த வெளியில் நிறுத்தாதீர்கள். இன்னொன்று: எல்-4இன் சிவில் வடிவமான சாதாரண ஜே-3 கப் விமானத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து எல்-4 என்று விற்பவர்கள் உண்டு. இராணுவ வரிசை எண் ஆவணத்திலும் விமானத்தின் தகட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.