மல்பெரிப் பழம்: பறித்த அன்றைக்கே என்ன செய்யலாம்?

குப்பம், வி.கோட்டா, வேப்பனப்பள்ளிப் பக்கம் பட்டுப்பூச்சிக்காக மல்பெரி போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தோட்டங்களில் வெட்டிய குச்சி பல வீடுகளில் வேலியோரம் மரமாகி நிற்கிறது. பழம் காய்த்ததும் என்ன செய்வதென்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பழம் சிவந்ததும் பறிச்சிட்டேன். ஒரே புளிப்பு. ரெண்டு நாள் வெச்சா இனிக்குமா? (வி.கோட்டா)

இனிக்காதும்மா. மாங்காய் மாதிரி பறித்து வைத்துப் பழுக்க வைக்கிற சங்கதி இல்லை இது. வைத்தால் நிறம் கொஞ்சம் கறுக்கும், இனிப்பு ஏறாது. பழம் நன்றாகக் கறுத்து, விரல் பட்டதுமே காம்போடு கையில் வந்துவிட வேண்டும். அதுதான் பதம். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் விட்டுவிடு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நீளமாகக் காய்க்கும் சில ரகங்கள் கறுக்காமல் வெளிர்பச்சையாகவே பழுக்கும். அதில் நிறத்தை நம்பாதே, தொட்டுப் பார்.

மரம் ரொம்ப உயரம் போயிடுச்சு, எப்படிப் பறிக்கிறது? (குப்பம்)

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன்பு, அடியில் பழைய சேலையை விரித்துக் கிளையை லேசாக உலுக்குங்கள். பழுத்தது மட்டும் விழும். பக்கெட்டில் அள்ளாதீர்கள், அடியிலுள்ளது நசுங்கிச் சாறாகிவிடும். முறத்திலோ அகலத் தட்டிலோ பரப்புங்கள். பழம் ஓய்ந்ததும் ஆள் உயரத்துக்குக் கவாத்து பண்ணி, மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். புதுத் துளிரிலேயே காய் பிடிக்கும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மறுபடி பறிக்கலாம்.

எங்க தோட்டத்துல வி-1 ரகம்தான். செடி தளதளன்னு இருக்கு, பழத்தையே காணோமே? (வேப்பனப்பள்ளி)

வி-1 இலைக்காகவே வந்த ரகம், தம்பி. புழுவுக்குத் தீனி வேண்டுமென்று இரண்டு மாதத்துக்கொரு தரம் அடியோடு வெட்டினால் காய் முற்ற அவகாசம் ஏது? வரப்போரம் நாலு செடியை வெட்டாமல் விட்டுப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்தடித்த வரிசையில் பழம் பறித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். உரித்துப் போடத் தோல் கிடையாது, அழுத்திக் கழுவவும் முடியாது. வீட்டுச் செடியில் நுனிக் கொழுந்து முறுக்கிக்கொண்டால், அதை டுக்ரா என்பார்கள், உள்ளே மாவுப்பூச்சி இருக்கும். அந்த நுனிகளை மட்டும் கிள்ளி ஒரு பையில் கட்டி அழித்துவிடுங்கள். வீட்டு மரத்துக்கு மருந்தே தேவையில்லை.

கழுவி ஃப்ரிட்ஜில் வெச்சேன். மறுநாளே பூஞ்சை பிடிச்சிடுச்சு. (பலமநேர்)

கழுவியதுதான் காரணம். பழத்தில் 100 கிராமுக்கு 88 கிராம் போலத் தண்ணீர்தான். அதன்மேல் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. கழுவாமல், மூடாத தட்டில் ஒரே அடுக்காக வையுங்கள், இரண்டு நாள் இருக்கும். சாப்பிடப் போகும்போது கழுவினால் போதும். புழு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் உப்புத் தண்ணீரில் போடுங்கள், மேலே வந்துவிடும்.

நிறைய இருந்தால் அன்றைக்கே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். அலசி, துணியில் பரப்பி, ஈரம் போனதும் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து உறைய விடுங்கள். கல்லு மாதிரி ஆனதும் டப்பாவில் கொட்டி மூடுங்கள். வேண்டும்போது ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம், மாதக்கணக்கில் இருக்கும். காம்பைக் கிள்ளுகிறேன் என்று பொழுதைக் கழிக்க வேண்டாம், மெல்லிசான காம்பு வாயில் தெரியாது.

ஜாம் கெட்டியாகவே மாட்டேங்குது அக்கா. (பேரணாம்பட்டு)

நன்றாகப் பழுத்த பழத்தில் பெக்டின் குறைவு. ஜாம் இறுகுவதற்கு அதுதான் வேண்டும். அதனால் ஜாமுக்கு மட்டும் சிவப்புப் பழமும் ஒரு கைப்பிடி சேருங்கள். ஒரு கிலோ பழத்துக்கு 700 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், இரும்புச் சட்டியில் நிறம் மங்கும். முதலில் தண்ணீர் விடாமல் பழத்தை மட்டும் மசிய வேக விடுங்கள். பிறகு சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் போட்டு, அடிபிடிக்காமல் கிளறுங்கள். நுரை சிறுத்து, குமிழி கனத்து வெடிக்க ஆரம்பிக்கும். அப்போது ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால் உடனே இறக்குங்கள். பத்து நிமிடம் கொதித்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூஞ்சை கண்டால் மேலாக வழித்துவிட்டுத் தின்ன வேண்டாம், பாட்டிலோடு தூக்கிப் போடுங்கள்.

ஸ்குவாஷ் போட்டேன். கெடாமலிருக்க மெட்டாபைசல்ஃபைட் கலந்ததும் நிறமே வெளுத்துப்போச்சு. (குப்பம்)

அந்த உப்பிலிருந்து கந்தக டை ஆக்ஸைடு வரும். மல்பெரியின் ஊதா நிறத்தை வெளுக்க வைப்பது அதுதான். எலுமிச்சை, மாம்பழ ஸ்குவாஷுக்கு அது சரி. மல்பெரி, திராட்சை, நாவல் மாதிரி கருநிறச் சாற்றுக்குச் சோடியம் பென்சோயேட் போடுவார்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாதீர்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் எதுவும் வேண்டாம், சாற்றை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு ஜாம் தரச் சொல்றாங்க, தரலாமா? (வி.கோட்டா)

வேண்டாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்துமென்று ஆராய்ந்ததெல்லாம் பெரும்பாலும் இலையைத்தான். ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை. பழமாகக் கொஞ்சம் கொடுப்பதையும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பையனோட வெள்ளைச் சட்டையில கறை, சோப்பு போட்டா நீலமாயிடுச்சு! (பலமநேர்)

சோப்பின் காரத்துக்கு அந்தச் சாயம் நீலமாக மாறும். சோப்பை நன்றாக அலசிவிட்டு, எலுமிச்சைச் சாறோ வெள்ளை வினிகரோ ஊற்றிச் சற்று ஊற விடுங்கள். சிவப்பாகத் திரும்பி இளகும். சாயம் போகாத பருத்தித் துணியென்றால் கொதிக்கிற தண்ணீரை உயரத்திலிருந்து கறைமேல் ஊற்றுங்கள். சோப்பு அதற்கப்புறம்தான்.