ஓவியக் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் படங்களைக் கண்காட்சி வைப்பது தேவையா?

உங்கள் மகள் ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள், அங்கே ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் கோட்டோவியங்களையும் வண்ண ஓவியங்களையும் புகைப்படங்களையும் கண்காட்சி வைக்கப்போகிறார்கள், அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பீஸ் கட்டும் பெற்றோருக்கு இப்படித் தோன்றுவது நியாயம்தான். ஆனால் என் பதில்: கண்டிப்பாகத் தேவை. நான் ஓவியம் படித்தவன். நான்கு வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் வகுப்பறையில் கிடைக்கவில்லை, அப்படி ஒரு கண்காட்சிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

எங்களுக்கு மாடல் வைத்து வரையும் வகுப்பு செவ்வாய்க்கிழமை மதியம். ஒரு வயதான அம்மா வந்து உட்காருவார். நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். முக்காலியில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் இருப்பார். சார் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். தப்பு பெரிதாக இருந்தால் "எழுந்திரு" என்பார். நம் இடத்தில் உட்கார்ந்து, நம் படத்தைத் தொடாமல், தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு காதோ முழங்கையோ போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்ட பையன்கள் உண்டு. எனக்கும் அந்த ஓரங்கள் பிடிக்கும். ஆனால் அவர் ஒரு முழுப் படத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பார் என்று மூன்று வருடமாக எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

ஒரு நாள் அவரும் மூலையில் உட்கார்ந்து வரைந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து ஆசிரியர்கள் கண்காட்சி. படங்களை மாட்டுகிற வேலை எங்களுக்கு. சுவரில் நூல் பிடித்து மட்டம் பார்த்து, இரண்டு ஆணிக்கு ஒரு படம் என்று மாட்டிக்கொண்டே வந்தோம். அப்போது என் கைக்கு வந்தது ஆயா படம். கரியில் போட்டது, என் மார்பளவு உயரம். முகத்தில் அதிகம் வேலை இல்லை. ஆனால் தொங்கவிட்ட இடது கால் மூன்று தடவை வரையப்பட்டிருந்தது. முதல் கோடு மெலிசாக, அடுத்தது இரண்டு விரல் தள்ளி, மூன்றாவது அழுத்தமாக, குதிகால் கொஞ்சம் தூக்கினாற்போல. பழைய கோடுகளை அவர் அழிக்கவில்லை, விரலால் தேய்த்து மங்கலாக்கியதோடு சரி. மெட்டி மட்டும் மூன்று காலிலும் இருந்தது.

நான் தப்பை அழிக்க மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். கேட்டும் விட்டேன். "அவங்க காலை மாத்திக்கிட்டே இருந்தாங்கப்பா. நீ பார்க்கலையா?" என்றார், அவ்வளவுதான். அன்று மாலை என் போர்ட்ஃபோலியோவை அவிழ்த்து அந்தச் செவ்வாய்க்கிழமைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். என் படத்தில் கால் ஒரே இடத்தில், சுத்தமாக, சுவர்க் காலண்டரில் அச்சடித்த மாதிரி இருந்தது. வகுப்பில் அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

இதைச் சொல்லிக்கொடுக்க வாயால் முடியுமா? "அசைவைப் பார்" என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். சுவரில் மாட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

இது புதிய வழக்கமும் இல்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் பெயர் நிற்பது அங்கே பாடம் நடத்தியவர்கள் தாங்களும் வேலை செய்துகொண்டே இருந்ததால்தான். மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு உழைப்பாளிகளைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1957 வரை அந்தக் கல்லூரியின் முதல்வர். கல்லூரிக் காவலாளியையும் ஒரு மாணவரையும் நிற்க வைத்துத்தான் அந்த உருவங்களைச் செய்தார் என்று சொல்வார்கள். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், அந்த நாற்காலியில் இருந்த காலத்தில்தான், 1963 வாக்கில், 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பலன் சொல்லாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு முதல்வர், பெயர் வாங்கிக் கொடுத்த பழைய பாணியை விட்டுவிட்டு, எடுபடுமா என்றே தெரியாத ஒன்றை எல்லார் கண்ணெதிரிலும் செய்து பார்க்கிறார். அதை அருகிலிருந்து பார்த்த மாணவனுக்குத் துணிச்சல் பற்றித் தனியாக வகுப்பு எதற்கு? 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்யும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, பணிக்கரோடு போனவர்களில் பலர் அவருடைய மாணவர்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகள் போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசு அந்த நிலத்துக்கு உதவியது.

ஓவியம் மட்டுமில்லை, புகைப்படமும் அப்படித்தான். நான் சொன்ன அதே கண்காட்சியில் புகைப்படம் நடத்திய மேடம் காசிமேட்டில் எடுத்த ஒரு படத்தை வைத்திருந்தார். விடியற்காலை, ஐஸ் கட்டியை உடைக்கிற ஆள், தெறிக்கிற சில்லுகள் எல்லாம் அந்தரத்தில். படத்துக்குப் பக்கத்திலேயே அந்த பிலிம் ரோலின் கான்டாக்ட் ஷீட்டையும், அதாவது ரோலில் உள்ள எல்லாப் படங்களையும் சின்னதாக அச்சிட்ட தாளையும், ஒட்டிவிட்டார். 36 சின்னச் சின்னப் படங்கள். சிலவற்றில் ஆளின் தலை வெட்டுப்பட்டிருக்கும், சிலவற்றில் யாரோ குறுக்கே வந்திருப்பார்கள், ஒன்று முழுக்க ஆடியிருக்கும். இருபத்தி மூன்றாவதில் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம். மேடமுக்கும் முப்பத்தைந்து தப்பும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அன்று எங்கள் வகுப்பே நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சார் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சார் மாதிரியே வரைய ஆரம்பிப்பார்கள். நானும் ஆறு மாதம் எல்லாவற்றுக்கும் மூன்று கால் போட்டேன். அதற்கு மருந்து ஒருவர் படத்தை மட்டும் காட்டாமல் எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து வைப்பதுதான். ஒருவர் கோடு நூல் மாதிரி, இன்னொருவருடையது கயிறு மாதிரி, மூன்றாமவருக்குக் கோடே கிடையாது, வெறும் நிறம். ஒரே சுவரில் இதையெல்லாம் பார்த்துவிட்டால், சரியான வழி என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைப்பு தானாக விட்டுப்போகும். பணிக்கரும் சிற்பி தனபாலும் ஒரே கல்லூரியில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். ஒருவர் சாயல் இன்னொருவரிடம் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பின்னாளில் வேறொரு கல்லூரியில் கொஞ்ச காலம் பகுதி நேரமாகப் பாடம் எடுத்தேன். அங்கே ஆசிரியர்கள் கண்காட்சி வைக்க லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள், பிரேமுக்குக் காசு தரமாட்டார்கள். வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், ஆய்வுக்குழுவுக்குக் காட்டக் கோப்பு, இதிலேயே நாள் போய்விடும். நன்றாக வரைந்துகொண்டிருந்த ஒருவர் பல வருடமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் அது நஷ்டம் என்று நான் நம்புகிறேன்.

அதனால் உங்கள் மகளோடு அந்தக் கண்காட்சிக்கு நீங்களும் போய்வாருங்கள். தொடக்க விழாக் கூட்டத்தில் வேண்டாம், மறுநாள் ஆளில்லாத நேரத்தில் போங்கள். அழகான படம் எது என்று தேடாதீர்கள். அழித்த தடம், மேலே பூசி மறைத்த நிறம், நடுவில் மாற்றிய யோசனை, இதெல்லாம் எங்கே தெரிகிறது என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் அங்கே நின்றால் தயங்காமல் கேளுங்கள்.

எங்கள் கண்காட்சிக்கு மூன்றாம் நாள் ஆயா வந்தார். சார்தான் வரச் சொல்லியிருந்தார். தன் படத்தின் முன்னால் போய் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்குக் கால் மரத்துப்போச்சுன்னு நான் வாயத் தொறக்கவே இல்லியே சார், ஒங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். சார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டார்.