கோத் என்றால் கறுப்பு உடுப்பும் சோக முகமும் மட்டும்தானா?

எனக்கு ஒருவர் அனுப்பிய கேள்வியில் இருந்தது இவ்வளவுதான்: தங்கச்சி கொஞ்ச நாளாகக் கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுப்பதில்லை, கண்ணைச் சுற்றி மை அப்புகிறாள், கேட்டால் "நான் கோத்" என்கிறாள், பயப்பட வேண்டுமா? (கோத் என்பது இருண்ட ஒரு இசைவகையும், அதை விரும்புகிறவர்களின் உடுப்புப் பாணியும்.)

நீங்கள் ஏற்கெனவே பயந்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய போனைத் திறந்து பார்த்திருப்பீர்கள். மண்டையோடும் வௌவாலும் கண்டதும், யாரோ பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். என் அண்ணாவும் இதையேதான் செய்தார். அப்போது என்னிடம் போன் இல்லை, அதனால் கொப்பிகளைத் திறந்து பார்த்தார். கணக்குத்தான் இருந்தது.

நான் திருகோணமலை. முப்பது வயது தாண்டிவிட்டது, ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை, இன்னமும் கோத். "அது பதின்ம வயதில் வந்து போகிற காய்ச்சல்" என்று யாரும் உங்களைத் தேற்ற வந்தால் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் இதைத் தொடங்கியவர்கள் இன்று பேரப்பிள்ளை காணும் வயதில் இருக்கிறார்கள்.

கோத் பாட்டில் தொடங்கியது, உடுப்பு பிறகு வந்தது. 1970களின் கடைசியில், பங்க் என்ற ஆவேசமான ரொக் இசையின் கோபம் ஆறிய இடத்தில் முளைத்த வகை இது. கிட்டார் முன்னால் வந்து கத்தாது, பேஸ் கிட்டார்தான் மெட்டைச் சுமக்கும். டிரம் கோயில் பறை மாதிரி ஒரே சீராக விழும், குரல் அடித்தொண்டையில் இருந்து வரும். நோர்த்தாம்டனைச் சேர்ந்த பௌஹவுஸ் குழு 1979 இல் வெளியிட்ட 'பேலா லுகோசிஸ் டெட்' என்ற பாட்டைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். விஷயம் என்னவென்றால், 1931 இல் டிராகுலாவாக நடித்த நடிகர் பேலா லுகோசி செத்துப்போனார். அவ்வளவுதான். பயங்கரமான பாட்டு என்று ஓடுகிறவர்களுக்கு அதில் உள்ள பகிடி பிடிபடுவதில்லை. லீட்சில் இருந்து வந்த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு டிரம்முக்கு ஆள் வைக்காமல் ஒரு மெஷினை வைத்து, அதற்கு டொக்டர் அவலாஞ்ச் என்று பெயரும் சூட்டியது. எந்நேரமும் அழுதுகொண்டிருக்கிறவர்கள் இப்படிப் பகிடி விடுவார்களா?

(மெட்டல் இசை கேட்கிற தம்பிமார் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டும் வேறு என்று மட்டும்தான் சொல்கிறேன். "சொந்தமாக ஒரு இசைத்தட்டுக்கூட இல்லாதவள் கோத்தா" என்று கேட்கிற கட்சியும் ஒன்று உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டு கனகாலம்.)

எனக்கு இது வந்தது சமாதான காலத்தில். 2002 இல் போர்நிறுத்தம் வந்த பிறகு வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வரத் தொடங்கினார்கள். லண்டன் மாமாவின் மகன் திரும்பிப் போகும்போது சிடி வோக்மனையும் கொஞ்சம் சிடிக்களையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். இங்கிலீஷ் பாதி விளங்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் சாவைப் பற்றிச் சாதாரணக் குரலில் பேசுகிறார் என்பது விளங்கியது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே "பிள்ளைகள் உள்ளே போங்கோ" என்பார்கள். பிறகு 2004 டிசம்பர் வந்தது, கடல் வந்தது. அந்தப் பாட்டுகள்தான் உனக்குத் துக்கத்தைத் தந்தது என்று அம்மா இப்போதும் சொல்வார். துக்கம் ஊர் முழுக்கக் கிடந்தது அம்மா, பாட்டு அதை மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

உடுப்புக்கு வருகிறேன். மச்சாளின் கல்யாணத்துக்கு வெள்ளிக்கரை போட்ட கறுப்புச் சேலை உடுத்துக்கொண்டு போனேன். பெரிய மாமி வாசலிலேயே மறித்தார்.

"என்ன பிள்ளை இது, செத்தவீட்டுக்கோ வந்தனி?"

"செத்தவீட்டுக்கு எங்கட ஆக்கள் வெள்ளையெல்லோ உடுக்கிறது, மாமி."

பக்கத்தில் நின்ற மாமா சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை. என்னைச் சமையல் பக்கம் அனுப்பினார், நானும் போய் வடை சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு மங்களத்துக்கு ஆகாது என்கிறவர்களின் வீட்டிலேயே சபரிமலைக்கு மாலை போட்ட அண்ணாமார் கறுப்பு வேட்டியோடு திரிவதையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, எழுதிவிட்டேன் என்று பாய வேண்டாம்.

இதைவிட எரிச்சல் அல்பம் வந்தபோது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் சேலை மெரூன்! படமெடுத்த ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றிவிட்டார். யார் சொன்னது என்று கேட்டால் "நாங்களாத்தான் செய்தது அக்கா, வடிவா இருக்கட்டும் எண்டு." பில்லில் 'கலர் திருத்தம்' என்று தனியாக ஒரு தொகை. அதுவும் மச்சாளுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் அல்பமே கைக்கு வந்தது.   

வெள்ளை முகம் இருந்தால்தான் கோத் என்பதும் கட்டுக்கதை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் முகத்துக்கு வெள்ளை பூசினால் பஸ் நிலையம் போவதற்குள் கழுத்துக்கு வடிந்துவிடும். எனக்கு என் நிறமே போதும், கண் மை மட்டும் போடுவேன். சட்டைத் துணி வாங்குவது டவுனில் அபாயாத் துணி விற்கிற கடையில். நிடா என்று கேட்டால் தருவார்கள், வெயிலுக்கும் உடம்பில் ஒட்டாத துணி. கடைக்கார முஸ்லிம் அண்ணா ஒருநாளும் ஏன் கறுப்பு என்று கேட்டதில்லை, எத்தனை மீற்றர் என்றுதான் கேட்பார்.

அடுத்து, "இது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதற்கு" என்று எழுதப் போகிறவர்களுக்கு. 'கோதிக்' எனப்படும் பேய் மாளிகைக் கதைகள் படித்துக் கண்டதையெல்லாம் மர்மமாகப் பார்க்கிற ஒரு பெண்ணைக் கிண்டல் செய்து ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் எழுதிய நாவல் 1817 கடைசியில், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அவருடைய தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின், பிரித்தானியக் கடற்படை அட்மிரல், 1852 இல் பர்மாவில் இறந்து எங்கள் திருகோணமலையில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். அங்கே போய் நின்று நான் படம் எடுத்தால் பைத்தியம் என்கிறார்கள். அப்படிச் சொல்கிற குடும்பமே, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் கிரியை செய்துவிட்டு, வாழையிலை விரித்துச் சாப்பிட்டுச் சிரித்துப் பேசித் திரும்புகிறது. நல்ல வழக்கம், நானும் போகிறேன். சாவோடு பழகிய சனம்தான் நாங்கள், என் தோடு வௌவால் வடிவில் இருந்தால் மட்டும் ஏன் அதிர்ச்சி?

பயப்பட ஒன்று இருக்கிறது, ஆனால் அது நீங்கள் நினைக்கிற திசையில் இல்லை. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பேக்கப் ஊர்ப் பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணும் அவளுடைய காதலனும் தாக்கப்பட்டார்கள். அவள் பிழைக்கவில்லை. காரணம் அவர்களுடைய தோற்றம், அவ்வளவுதான். 2013 இல் மான்செஸ்டர் வட்டாரப் போலீஸ் இப்படியான தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. உங்கள் தங்கச்சியால் யாருக்கும் ஆபத்தில்லை. தெருவில் அவளைப் பார்த்துச் சத்தம் போடுகிறவன்மேல்தான் கண் வையுங்கள்.

அவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றால் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். மஞ்சள் சட்டை போட்டிருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்றால் ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கிக் கேளுங்கள். பௌஹவுஸில் தொடங்க வேண்டாம், ஒன்பது நிமிடம் உங்களால் ஏலாது. த கியூர் என்ற குழுவின் 1989 இசை அல்பத்தைப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், அவளுடைய உடுப்பை அம்மா முற்றத்து வெயிலில் காயப் போட்டால் தடுத்துவிடுங்கள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, நிழலில் காயப் போட வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கறுப்பு மண்ணிறமாகிவிடும், பிறகு அவள் புதுசு கேட்பாள், காசு உங்களிடம்தான் வரும்.